பிளைவுட்டுக்கு இரண்டு பக்கம்

ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்தில் மேற்கு லண்டன் தச்சர்களுக்குக் கை நிறைய வேலை. நாட்டிங் ஹில் தெருக்களில் வரிசையாக நிற்கும் வெள்ளைப் பூச்சு வீடுகளின் முன்னால் வேன்கள் வந்து நிற்கும். முழு பிளைவுட் பலகைகளை இறக்கி, சன்னலையும் வாசற்கதவையும் தோட்டத்து மதிலையும் அளந்து, அறுத்து, திருகாணி போட்டு மூடுவார்கள். ஞாயிறும் திங்களும் கார்னிவல், கரீபிய மக்களின் தெருத் திருவிழா. அதற்குள் தெருவே ஒரு பெட்டிக்குள் போய்விடும். வசதியுள்ளவர்கள் அந்த இரண்டு நாளும் ஊரில் இருப்பதில்லை. பல மில்லியன் பவுண்டு பெறும் வீட்டுக்குப் பலகைச் செலவு ஒரு செலவே அல்ல.

அதே வாரம் வேறு வேன்களிலும் பிளைவுட் வந்து இறங்குகிறது. இது ஏற்கெனவே பெட்டியாக அறுத்து ஒட்டியது. துணி அலமாரி அளவு இருக்கும். இரண்டு பேர் மூச்சுப் பிடித்தால்தான் நகரும். உள்ளே 18 அங்குல ஸ்பீக்கர். இப்படிப் பெட்டிமேல் பெட்டியாக ஒரு மாடி உயரத்துக்கு அடுக்கி, ஜெனரேட்டரைத் தட்டிவிட்டால், அடைத்த சன்னலுக்கு எதிரே ஒரு ரெகே சவுண்ட் சிஸ்டம் தயார். 50 ஹெர்ட்ஸில் வரும் பேஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். முக்கால் அங்குலப் பலகையை அது ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. பலகை அடித்தவர்களுக்கும் இது தெரியும். கல்லையும் மூத்திரத்தையும் தடுப்பதற்குத்தான் பலகை; பாட்டைத் தடுக்க முடியாது என்று அவர்கள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

சவுண்ட் சிஸ்டம் என்றால் வாடகைக்கு எடுக்கும் ஸ்பீக்கர் செட் என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டிகள், ஆம்ப், இசைத்தட்டுகள், எதை எப்போது போடுவது என்று தீர்மானிக்கும் செலக்டர், மைக் பிடிப்பவர், பெட்டி தூக்கும் இளவட்டங்கள், பின்னால் சாலிடரிங் அயர்னுடன் உட்கார்ந்திருக்கும் பெரியவர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். அந்தப் பெயருக்கென்று பரம்பரை உண்டு, பகை உண்டு, ரசிகர்கள் உண்டு. ரசிகர்கள் பாடகரைப் பார்க்க வருவதில்லை. பாடகர் பெரும்பாலும் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருப்பார், அல்லது எப்போதோ செத்துப்போயிருப்பார். பெட்டியைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

ஈஸ்ட் ரோவும் சதர்ன் ரோவும் சந்திக்கும் மூலையில் ஆபா ஷாந்தி-ஐ என்ற சவுண்ட் சிஸ்டம்காரர் பல வருடங்களாகப் பெட்டி அடுக்கி வந்திருக்கிறார். அங்கே போய் நின்றிருக்கிறேன். முதலில் அது காதில் விழுவதில்லை. உள்ளங்கால் வழியாக ஏறி, கால்சட்டைத் துணியைப் படபடக்க வைத்து, நெஞ்செலும்பில் வந்து உட்காருகிறது. கையில் இருக்கும் பியர் டின் தானாக நடுங்குகிறது. மூக்கு நுனி கூசுகிறது. இவ்வளவுக்கும் பக்கத்தில் நிற்பவரோடு பேசலாம். நல்ல சிஸ்டத்தின் லட்சணமே அதுதான். அடியில் அத்தனை கனம் இருந்தும் மேலே இரைச்சல் கிடையாது. காதடைப்பான் மாட்டிய குழந்தை ஒன்று அப்பா தோளில் தூங்குகிறது. மடக்கு நாற்காலியோடு வந்த பாட்டி ஒருவர் பேஸ் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். முதுகுவலிக்கு நல்லது போலிருக்கிறது.

இந்த மரபில் ஒரே ஒரு டர்ன்டேபிள்தான். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததோடு இழைத்து ஓட்டும் டிஸ்கோ வேலையெல்லாம் கிடையாது. தட்டு முடியும். செலக்டர் அதை எடுத்து உறைக்குள் போடுவார். அடுத்ததைத் தேடுவார். அதுவரை மைக்கில் ஏதாவது சொல்வார். சொன்னதன் கடைசிச் சொல் எதிரொலியில் தெருக்கோடிவரை போய்த் திரும்பும். பிறகு ஊசி இறங்கும். முதலில் மெல்லிய ஒலி மட்டும் வரும்: ஹை-ஹாட் சலசலப்பு, கிட்டாரின் வெட்டு, தூரத்தில் ஒரு குரல். பேஸை வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறார். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு ஓசைக்குக் காத்திருப்பதைப் போலக் கூட்டம் காத்திருக்கிறது. அவருக்கு அவசரமே இல்லை. பிறகு ஒரு குமிழைத் திருப்புகிறார். தெரு ஒரு அங்குலம் கீழே இறங்குகிறது. ஆயிரம் தொண்டை ஒரே நேரத்தில் கத்துகிறது. உடனே அவர் ஊசியைத் தூக்கிவிடுகிறார். பாட்டு பிரமாதம் என்று கூட்டம் தீர்ப்பளித்துவிட்டால், அதைப் பாதியில் நிறுத்தி முதலிலிருந்து போடுவதுதான் இங்கே மரியாதை.

ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் அடி இருக்காது. பெரும்பாலான இசையில் எல்லோரும் காலை ஊன்றும் இடத்தை இது காலியாக விட்டுவிட்டு மூன்றாவது அடியில் விழுகிறது. அதனால் ஆட்டத்தில் வெறி இல்லை. முழங்கால் லேசாக மடங்கும், தோள் சற்றுத் தாழும், அவ்வளவுதான். இருக்க வேண்டிய ஒன்று இல்லாத இடத்தைச் சுற்றி அத்தனை பேரும் நிதானமாக அசைந்துகொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கஞ்சா மயக்கம் என்று தோன்றும். காற்றில் அந்த வாசனை இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மயக்கத்தைவிட அதிகமாக அங்கே தென்பட்டது கவனம். ஒரு பேஸ் வரியின் ஒவ்வொரு சுரத்தையும் கணக்குப் பார்க்கும் கவனம்.

இவ்வளவு தீவிரமாக ரசிக்கப்படும் ஒரு பொருளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், முதலில் வருவது சாராயக் கடை. 1940களின் கடைசியில், 50களின் தொடக்கத்தில், கிங்ஸ்டன் ஏழைகளுக்கு ரேடியோ வாங்க வழியில்லை. பாண்டு வாத்தியக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கவும் வழியில்லை. கடைக்காரர்கள் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்து அமெரிக்க இசைத்தட்டுகளை ஓடவிட்டார்கள். ஆடக் கூட்டம் வந்தது, ஆடியவர்களுக்குத் தாகம் எடுத்தது, பியரும் ரம்மும் விற்றன. இரும்புச் சாமான் கடை வைத்திருந்த, சீன வம்சாவளி டாம் வாங், 'டாம் த கிரேட் செபாஸ்டியன்' என்ற பெயரில் முதல் பெரிய சிஸ்டத்தை நடத்தினார். அவருக்கு ஆம்ப் கட்டிக்கொடுத்த ஹெட்லி ஜோன்ஸ், பிரிட்டிஷ் விமானப் படையிலிருந்து திரும்பியவர். சாம்ராஜ்யம் தன் போருக்குக் கற்றுக்கொடுத்த மின்னணு வேலை, அது எதிர்பாராத இடத்தில் போய்ப் பலன் தந்தது. அடுத்து வந்த டியூக் ரீட் முன்னாள் போலீஸ்காரர். இடுப்பில் துப்பாக்கியோடு பாட்டுப் போட்டவர். மது விற்கும் கடையும் அவருடையது. அவருக்குப் போட்டி காக்ஸன் டாட். அமெரிக்கத் தென்பகுதிப் பண்ணைகளில் கூலி வேலைக்குப் போய், திரும்பும்போது இசைத்தட்டுகளோடு வந்தவர்.

போட்டி என்றால் சாதாரணப் போட்டியில்லை. எதிரி அதே தட்டை வாங்கிவிடக் கூடாது என்று தட்டின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வில்லிஸ் ஜாக்சனின் சாக்ஸஃபோன் தட்டு ஒன்றை இப்படிச் சுரண்டி, 'காக்ஸன் ஹாப்' என்று தன் பெயரையே சூட்டி வருடக்கணக்கில் ஓட்டினார் டாட். ரீட் எப்படியோ துப்புத் துலக்கி, ஒரு ராத்திரி அதே தட்டைத் தன் சிஸ்டத்தில் போட, டாட் மயங்கி விழாத குறை என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ரசனை ராக் அண்டு ரோல் பக்கம் திரும்பிப் பழைய மாதிரித் தட்டுகள் வருவது குறைந்ததும், இவர்கள் உள்ளூர் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டுத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் ஸ்கா, ராக்ஸ்டெடி, 1968 வாக்கில் ரெகே. ஜமைக்காவில் பாட்டுக்காக ஒலிபெருக்கி வரவில்லை. ஒலிபெருக்கிகள் காலியாக இருந்ததால் பாட்டு வந்தது. கலைக்கும் வியாபாரத்துக்கும் நடுவே கோடு போட்டுப் பார்க்கும் நம்முடைய பழக்கத்துக்கு இது கொஞ்சம் சங்கடமான வரலாறு.

1954இல் கிங்ஸ்டனிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில் வின்சென்ட் ஃபோர்ப்ஸ் சீட்டு எடுக்காமல் ஒளிந்து லண்டன் வந்து சேர்ந்தார். டாம் வாங்கிடம் செலக்டராக இருந்தவர். அடுத்த வருடமே லாட்புரோக் குரோவ் பகுதியில் 'டியூக் வின்' என்ற பெயரில் பிரிட்டனின் முதல் சவுண்ட் சிஸ்டத்தைத் தொடங்கினார். அன்று அந்தப் பகுதியின் நிலை வேறு. இன்று பல மில்லியன் பெறும் அதே வீடுகள் அப்போது அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடப்பட்டிருந்தன. ராக்மன் என்ற வீட்டுக்காரரின் பெயர் அகராதியில் ஏறும் அளவுக்கு அங்கே குடியிருந்தவர்கள் வதைபட்டார்கள். கருப்பர்களுக்கு வீடு இல்லை என்று அறிவிப்பு ஒட்டுவதற்கு 1968 வரை சட்டத்தில் தடை இல்லை. பப்பில் நுழைய விடாமல் திருப்பி அனுப்புவதற்கு 1965 வரை தடை இல்லை. ஆகவே சனிக்கிழமை ராத்திரி நிலவறைகளில் கூடினார்கள். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டு, அந்த இடத்தில் பெட்டியை வைத்து, வாசலில் சில ஷில்லிங் வாங்கிக்கொண்டு விடியும்வரை ஆட்டம். இதற்கு 'புளூஸ் பார்ட்டி' என்று பெயர். போலீசுக்கு இது உரிமமில்லாத மது விற்பனை. அதுவும் உண்மைதான்.

1958 ஆகஸ்ட் கடைசியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் இதே தெருக்களில் கருப்பர்களைத் தேடித் தேடி அடித்தன. அந்தச் சமயத்தில் லண்டனுக்கு வந்து இறங்கிய ஒரு தமிழர் உண்டு. இலங்கையில் அதே 1958இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைக் கண்டு, இனி அங்கே இருக்க முடியாது என்று கிளம்பிவந்த அம்பலவாணர் சிவானந்தன். ஒரு தீயிலிருந்து தப்பி இன்னொரு தீயில் கால் வைத்ததைப் பிற்காலத்தில் தன் அரசியல் பிறந்த இடமாகச் சொன்னார். கொழும்பில் வங்கி வேலையில் இருந்தவருக்கு லண்டன் வங்கிகளில் இடம் கிடைக்கவில்லை. நூலகராகப் படித்து, பின்னாளில் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். பிரிட்டனில் கருப்பர் அரசியலைப் பற்றி எழுதியவர்கள் என்றால் அவரைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. கரீபியர்களுக்கும் ஆசியர்களுக்கும் தனித்தனி வரலாறு எழுதுவது ஆள்பவர்களுக்குத்தான் வசதி என்பது அவர் பார்வையின் சாரம்.

நாட்டிங் ஹில் கலவரத்துக்குக் கிளாடியா ஜோன்ஸ் தந்த பதில் கொண்டாட்டம். ட்ரினிடாட்டில் பிறந்து, அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று சிறை வைக்கப்பட்டு, 1955இல் நாடு கடத்தப்பட்டவர். தொந்தரவு தருவார் என்று ட்ரினிடாட்டின் காலனி ஆளுநரே ஏற்க மறுத்ததால் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். 1959 ஜனவரி 30ஆம் தேதி செயின்ட் பாங்கிராஸ் நகர மண்டபத்தில் ஒரு கரீபியக் கார்னிவலை அவர் நடத்தினார். லண்டன் ஜனவரிக் குளிர், ஆகவே கூரைக்குள். அன்று விற்ற நிகழ்ச்சி மலரில் ஒரு குறிப்பு இருக்கிறது: விற்பனைப் பணத்தில் ஒரு பகுதி, கலவரத்தில் பிடிபட்ட இளைஞர்களின் அபராதத்தைக் கட்டப் போகிறது, கருப்பு இளைஞர்களுக்கும் வெள்ளை இளைஞர்களுக்கும். அடித்தவனின் அபராதத்தையும் அடிபட்டவன் ஆடிக் கட்டுகிறான். இதைப் பெருந்தன்மை என்பதா, கிண்டல் என்பதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கிளாடியா ஜோன்ஸைப் போன்ற ஒருவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கத் தெரிந்தவர் என்று விட்டுவிடலாம். அதே வருடம் மே மாதம் ஆண்டிகுவாவைச் சேர்ந்த தச்சர் கெல்சோ காக்ரேன் நாட்டிங் ஹில் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். வயது 32. அவர் இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்தார்கள். கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

தெருவுக்குக் கார்னிவல் வந்தது 1966இல். கிழக்கு லண்டனில் பிறந்த சமூகப் பணியாளர் ரோன் லாஸ்லெட் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காக ஒரு திருவிழா நடத்தினார். அதற்கு வந்த ட்ரினிடாட் வாத்தியக்காரர் ரசல் ஹெண்டர்சன் ஸ்டீல் பான் என்ற எஃகு வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பிக்க, சனம் பின்னாலேயே போனது. கிளாடியா ஜோன்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1964 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்னிவல் ட்ரினிடாட்டுக்காரர்களுடையது. ரெகே ஜமைக்காக்காரர்களுடையது. ட்ரினிடாட்டில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தீப்பந்தமும் முரசுமாகத் தெருவில் இறங்கியதை ஆங்கிலேய அரசு பொறுக்கவில்லை. 1881இல் மோதல். 1884இல் முரசுக்கே கட்டுப்பாடு. அதே 1884 அக்டோபரில், கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் போன கரும்புத் தோட்டக் கூலிகளின் ஹொசே (முஹர்ரம்) ஊர்வலத்தைச் சுட்டுக் கலைத்தார்கள். தோல் முரசு போனதும் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், கடைசியில் எண்ணெய் பீப்பாய். ஸ்டீல் பான் பிறந்த வழி அது. இந்தப் பாரம்பரியத்தில் ஊறியவர்களுக்கு, தெருமுனையில் அசையாமல் நின்று பூமியை உலுக்கும் ஜமைக்கா பெட்டிகள்மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கசப்பு. ஒரு வருடம் முழுக்கத் தைத்த உடையோடு ஊர்வலம் வந்தால், வழியில் பெட்டி முன்னால் நிற்கும் கூட்டம் நகராது; பான் ஓசை காதில் விழாது. நியாயமான புகார்தான். 1973இல் சவுண்ட் சிஸ்டங்களை உள்ளே அழைத்த லெஸ்லி பாமர் என்பவரோ ட்ரினிடாட்டில் பிறந்தவர். பிரிட்டனிலேயே வளர்ந்த கருப்பு இளைஞர்கள் கலிப்ஸோவுக்கு வரமாட்டார்கள், பேஸுக்குத்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்குத் தப்பவில்லை. சில ஆயிரமாக இருந்த கூட்டம் இரண்டு மூன்று வருடத்தில் லட்சத்தைத் தொட்டது. டியூக் வின்னும் தன் பெட்டிகளோடு வந்தார்.

கூட்டம் வந்ததும் போலீசும் வந்தது. 1976 கார்னிவலுக்குச் சுமார் 3,000 போலீசார் இறக்கப்பட்டார்கள். சந்தேகப்பட்டால் போதும், பிடித்துப் போகலாம் என்று 1824ஆம் வருடத்து நாடோடிகள் சட்டத்தை வைத்துக் கருப்பு இளைஞர்களைத் தினமும் நிறுத்திச் சோதித்துவந்த காலம். திங்கட்கிழமை மாலை ஒரு கைதில் தொடங்கிய தகராறு போராக மாறியது. அன்று லண்டன் போலீசிடம் கேடயம் இல்லை. குப்பைத் தொட்டி மூடிகளையும் பால் கிரேட்டுகளையும் பிடித்துக்கொண்டு முன்னேறிய படங்கள் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட போலீசார் மருத்துவமனைக்குப் போனார்கள். அடுத்த வருடங்களில் கேடயம் வந்தது. இப்போது இரண்டு நாளைக்கு ஆயிரக்கணக்கான போலீசார். 2016, 2017 கார்னிவல்களில் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களையும் வைத்துப் பரீட்சித்தார்கள். புதுத் தொழில்நுட்பத்தை எங்கே சோதிப்பது என்ற கேள்வி வரும்போது இந்தத் தெருக்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

2018ஆம் வருடத்தைத் தனியாகப் பார்க்கலாம். ஏப்ரலில், 1950களிலும் 60களிலும் சட்டப்படி பிரிட்டனுக்கு வந்து வாழ்நாளெல்லாம் வரி கட்டிய கரீபிய முதியவர்களை, காகிதம் எங்கே என்று கேட்டு வேலையிலிருந்து நீக்கியதும், மருத்துவம் மறுத்ததும், சிலரை நாடு கடத்தியதும் வெளியே வந்தது. அவர்கள் வந்திறங்கியதற்குச் சாட்சியாக இருந்திருக்கக்கூடிய வருகைச் சீட்டுகளை உள்துறையே 2010இல் அழித்திருந்தது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். ஆகஸ்டில் வழக்கம்போலக் கார்னிவல். பன்முகப் பண்பாட்டு லண்டனின் பெருமை என்று வழக்கம்போல வாழ்த்துச் செய்திகள். நவம்பரில் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகே இசையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாட்டுக்கு ஆவணம் கிடைத்துவிட்டது. பாட்டைக் கொண்டுவந்தவர்களில் பலர் அப்போதும் ஆவணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதே கார்னிவலில் ஞாயிறும் திங்களும் மதியம் மூன்று மணிக்கு எல்லாப் பெட்டிகளும் நிறுத்தப்பட்டன. 2017 ஜூன் 14 அதிகாலை, கார்னிவல் தெருக்களிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதே கென்சிங்டன்; அதே நகராட்சி. அந்தக் கோபுரத்துக்கு வெளியே எரியக்கூடிய தகடுகளைப் போர்த்தியதற்கு, சுற்றுப்புறத்திலிருந்து பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணமாகத் திட்டத் தாள்களில் இருந்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு விநாடி என்று 72 விநாடி மௌனம். பெட்டிகள் நின்றதும், இரண்டு நாளும் ஓடிக்கொண்டே இருப்பதால் காதுக்குத் தெரியாமல் போன ஜெனரேட்டர்களின் உறுமல் மேலே வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட சவுண்ட் சிஸ்டங்கள் ஒரே நேரத்தில் வாயை மூடுவது போலீஸ் ஆணையாலும் நடக்காத காரியம். இப்போது வருடாவருடம் நடக்கிறது. இதை எழுதும் வரை அந்தச் சாவுகளுக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை.

இப்படியொரு கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி ஆட முடியும் என்று கேட்கலாம். முடிகிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த மூலையில் ஆடுபவர்களில் பாதிப் பேருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது. பேஸ் நன்றாக இருக்கிறது என்று வந்தவர்கள். அவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. துயரத்தை முன்வைத்துத்தான் ஒரு மக்களின் இசையை ரசிக்க வேண்டும் என்பதும் ஒரு வகை மேட்டிமைதான். ஜமைக்காவில் முதல் பெட்டியை வைத்தவர் யாரையும் விடுதலை செய்யக் கிளம்பவில்லை. பியர் விற்க வைத்தார். நல்ல பெட்டி, நல்ல தட்டு, ஆட இடம். இந்த மூன்றாவது கிடைக்காத ஊருக்கு வந்துதான் அது அரசியலானது. அறை வாடகைக்குக் கிடைக்காதவன் பெட்டி செய்தான். பெட்டி ஒலித்த தூரம்வரை அவன் குடியிருந்தான்.

கார்னிவலைக் கோயிலாக்கவும் எனக்கு மனமில்லை. 2024இல் இரண்டு பேர் அங்கே தாக்கப்பட்டு இறந்தார்கள். அவர்களில் ஒருவர் குழந்தையோடு வந்த தாய். சில தெருக்களில் நெரிசல் மூச்சு முட்டும். லெமிங்டன் ரோடு வில்லாஸ் முனையில் 1983 முதல் பெட்டி வைத்துவந்த சேனல் ஒன் சிஸ்டம், கூட்டத்தின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று 2023இல் விலகிக்கொண்டது. விலகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. தங்கள் பெட்டியைக் கேட்க வருபவர்களுக்குத் தாங்கள்தான் பொறுப்பு என்று அவர்களாகவே எடுத்த முடிவு. இரண்டு நாளில் இருபது லட்சம் பேர் வருவதாகச் சொல்லப்படும் விழாவைப் பற்றிக் கவலைப்படக் கடமைப்பட்ட பலரைவிட ஒரு செலக்டர் முந்திக்கொண்டார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

இதையெல்லாம் காட்டித்தான், கார்னிவலை ஹைட் பார்க்குக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை சில வருடத்துக்கு ஒருமுறை எழுகிறது. வேலி போடலாம், வாசலில் சோதிக்கலாம், ஆம்புலன்ஸ் தடையில்லாமல் போகும். பொறுப்பான யோசனை என்றே தோன்றும். வீட்டை மூடிவிட்டுப் போனவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. நல்லெண்ணம் உள்ளவர்களும் சொல்கிறார்கள். ஆனால் ஊரைவிட்டுப் போக வசதியில்லாத, நகராட்சிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அந்த இரண்டு நாளும் வாசற்படியில் ஜெர்க் சிக்கன் சுட்டு விற்கிறார்கள். சிலர் தங்கள் கழிப்பறைக்குச் சில பவுண்டு வாங்கிக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்துகிறார்கள். பூங்காவில் அந்த வியாபாரம் பெரிய கம்பெனிக்குக் குத்தகையாகும்.

ஒலியின் கணக்கும் இருக்கிறது. குறுகலான தெருவில் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே பேஸ் மாட்டிக்கொண்டு கனக்கிறது. குடியிருப்புகளை இடித்துக் கட்டி 1970இல் திறந்த வெஸ்ட்வே மேம்பாலத்தின் அடியில் இன்னும் கனக்கிறது. திறந்த புல்வெளியில் அதே பெட்டி பாதி வலுவை இழக்கும். சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்கு இது மனப்பாடம். சுவர்களை நம்பித்தான் அவர்கள் பெட்டி அடுக்குகிறார்கள்.

ஹைட் பார்க்கில் யாருடைய வீடும் இல்லை, ஆகவே யாருக்கும் தொந்தரவு இருக்காது என்கிறார்கள். யோசனைக்கு ஆதரவாக அவர்கள் சொல்லும் காரணம் இது. அதை எதிர்ப்பவர்களிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.